கந்தல் கட்டிய கத்தரிக்காய்

ஒரு காட்டில் பவளாயி என்றொரு முயல் குடியிருந்தாள். வளைக்குப் பக்கத்திலேயே கத்தரித் தோட்டம் போட்டிருந்தாள். காயை அரிந்து, உப்புப் போட்டு வேகவைத்து, வெயிலில் காயவைத்து வத்தலாக்கி அடைத்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மழைக்குப் பட்டினிதான்.

போன வருஷம் அப்படித்தான் கிடந்தாள். கொண்டப்பன் என்ற குரங்கு கூட்டத்தோடு வந்து தோட்டத்தையே மொட்டையடித்துவிட்டான். ஒரே ஒரு காய் தப்பியது. விதைக்கு விட்ட காய் என்று தெரிய அதில் கந்தல் துணி கட்டியிருந்தாள்.

"அதை மட்டும் ஏன்டா விட்டே?" என்று கேட்டாள் பவளாயி.

"விதைக்காயைத் தொடுவோமா? அப்புறம் அடுத்த வருஷம் எதைத் திருடறது?" என்றான் கொண்டப்பன். எவ்வளவு பொறுப்பு பாருங்கள்!

இந்த வருஷம் பவளாயி ஒரு பழைய சேலையைக் கிழித்து, இருநூறு காயிலும் கட்டிவிட்டாள். குரங்குகள் வந்தன, தலையைச் சொறிந்தன, போய்விட்டன. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மழைக்குப் பத்து நாள் இருந்தது. அரிவாள்மனையை எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்தா விதைத்துறை அதிகாரி நரி வர வேண்டும்?

"எல்லாமே விதைக்காயா? அப்படின்னா இது விதைப்பண்ணை. பறிக்க அனுமதி வேணும்மா."

"ஐயா, குரங்குக்குப் பயந்து சும்மா கட்டினேனுங்க!"

"சும்மா கட்டினேன்னு சொல்றதுக்கு ஏழாம் நம்பர் படிவம் இருக்கு. இப்ப சர்வர் வேலை செய்யலே. மழை விட்டதும் வாங்க."

தோட்டத்து வாசல் படலுக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார், படுபாவி. மழை விட்ட பிறகு வத்தல் எதற்கு? பவளாயி ஒரு மூச்சு அழுதாள். பிறகு நேராகக் கொண்டப்பனிடம் போனாள்.

"ஏப்பா, ஒரு தோட்டம் இருக்கு. திருட வர்றியா?"

"யாரோடது?"

"என்னோடதுதான்."

கொண்டப்பன் வாயைப் பிளந்தான். "துணி கட்டியிருக்கே, தொடமாட்டோமே!"

"நான் அவிழ்க்கிறேன், நீ பறி. பாதிக்குப் பாதி."

பட்டப்பகலில் வேலி தாண்டினார்கள். ஒரு காயை மட்டும் துணியோடு விட்டார்கள்.

மறுநாள் நரி வந்து பார்த்தார். "திருட்டா? அது எங்க துறை இல்லையே" என்று சீலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். ஐப்பசி மழை கொட்டியபோது, பவளாயி வளைக்குள் வத்தலை வறுத்துக்கொண்டிருந்தாள்.

நீதி: வீட்டுத் தோட்டத்துக்கு உரம் முக்கியம், தண்ணீர் முக்கியம், எல்லாவற்றையும்விட முக்கியம், பொறுப்பான ஒரு திருடன்.