இரும்பு படாத நேர்த்தி

இன்றைக்குப் பல்லரோச் சந்தையில் யாரைச் சந்தித்தேன் தெரியுமா? பேரின்பநாயகத்தை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, தோளில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடு. உங்களுக்கு இது பெரிய புதினமாகத் தெரியாது. பலெர்மோத் தமிழருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையில் அவர் பாரம் தூக்கிக் கண்டவர் ஒருவரும் இல்லை. ஏனென்றால் அவர் ஒரு சாமிச்சாட்டுக்காரர்.

சாமிச்சாட்டுக்காரர் என்பது தனி இனம். பக்தர் என்று மயங்கிவிடாதீர்கள். பக்தருக்குச் சாமி வேண்டும். இவருக்குச் சாட்டு வேண்டும், சாமி அதைச் சுமந்து வந்தால் போதும். வீடு மாறுகிற நண்பர் அலுமாரி தூக்கக் கூப்பிட்டால் அன்றைக்கு ஏகாதசி. சட்டி பானை கழுவும் முறை வந்தால் பிரதோஷம். ஞாயிற்றுக்கிழமை மேலதிக வேலைக்கு ஆள் தேடினால், பிறந்ததிலிருந்து சைவரான இவர் அன்றைக்குப் பார்த்துத் தேவாலயத்தில் பூசைக்கு நிற்பார். கலியாண வீட்டில் ஆட்டிறைச்சி வரும்போது மட்டும் நாட்காட்டி வெறுமையாக இருக்கும். வேறு ஊர்களில் ஒருவருக்கு ஒரு சமயத்துச் சாட்டுத்தான் கிடைக்கும். பலெர்மோவில் சைவரும் கிறிஸ்தவரான வேதக்காரரும் ஒன்றாகவே மலையேறிப் போய் ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கும்பிடுகிறார்கள். இவருக்கு இரண்டு பண்டகசாலையும் திறந்து கிடந்தது.

"மச்சான், உண்மையைச் சொல்லு, உனக்கு எந்தச் சாமியிலை நம்பிக்கை?" என்று மன்னார்க்காரன் றோபேட் ஒருமுறை கேட்டான்.

"எல்லாத்திலையும்தான். ஏன் ஒண்டைக் கோவிக்கப் பண்ணுவான்?"

இருவருக்கும் லிபெர்த்தா வீதிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. போன குளிர் தொடங்கும்போது இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா, எல்லோருக்கும் அவர் சிஞ்ஞோரா, ஒரு கட்டளை போட்டார். வயோதிபர்களைப் பராமரிக்கிற எல்லோரும் காய்ச்சல் தடுப்பூசி போடவேண்டும். போடாவிட்டால் வேலை இல்லை. சமயக் காரணம் இருந்தால் நேரில் வந்து சொல்லலாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கக்கூடாது.

பேரின்பத்துக்கு ஊசியைக் கண்டால் உயிர் போகும். வேலை போனாலோ அதைவிட மோசம். வேலை இருந்தால்தான் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி. பெர்மெஸ்ஸோ இருந்தால்தான் கொழும்பில் லொட்ஜில் காத்திருக்கிற மனைவி சிவமலருக்கு விசா. தாலி கட்டிய கையோடு பிரிந்து வந்த மனிதர். அவளைக் கூப்பிடவும் வேண்டும், ஊசிக்குத் தப்பவும் வேண்டும். கோயில் ஐயரிடம் போனார். "ஊசியைப் போட்டிட்டு வாரும், அர்ச்சனை செய்யலாம்" என்றார் அவர். பங்குச் சுவாமியிடம் போனார். "நான் முந்தாநாள் போட்டிட்டன்" என்று அவர் சட்டைக் கையை உயர்த்திக் காட்டினார்.

இரண்டு சமயமும் கைவிட்டால் என்ன, சொந்தமாக ஒன்று செய்யத் தெரியாதா? சிஞ்ஞோராவிடம் போய், தனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னார்: "சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறேன். என் மனைவி பலெர்மோவில் கால் வைக்கும்வரை என் உடம்பில் இரும்பு படாது."

எங்கள் ஆட்களிடம் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். சிஞ்ஞோரா பலெர்மோக்காரி என்பதை மனிதர் மறந்துபோனார். அவர் எழுந்து நின்று சிலுவை போட்டார். கண் கலங்கியது. கொள்ளைநோயிலிருந்து தங்கள் ஊரைக் காத்தவளுக்கு எங்கோ இருந்து வந்த ஒருவன் நேர்த்தி வைத்திருக்கிறான். அதை இந்த இல்லம் காக்காமல் வேறு யார் காப்பது?

காத்தார்கள். சாப்பாட்டு மேசையில் முள்ளுக்கரண்டியும் கத்தியும் பறிபோய் மரக்கரண்டி வந்தது; சவர அலகு இரும்பு, ஆகவே தாடி; கத்தரிக்கோல் இரும்பு, ஆகவே தோள்வரை முடி; ஊசி போடாதவர் வயோதிபர்களுக்குக் கிட்டப் போகக்கூடாது, ஆகவே நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கிற வேலை; தோய்க்கிற மெஷின் இரும்பு, ஆகவே கையால். இல்லம் முழுவதினதும் படுக்கை விரிப்புகளை.

மேல்மாடத்தில் சிஞ்ஞோரா அகாத்தா காவல். இல்லத்தில் இருக்கிற, தொண்ணூறு தாண்டிய கிழவி. முற்றத்தில் விரிப்புக் காயப்போடும்போது பேரின்பம் வாசற்படலைக் கம்பிக்குக் கிட்டப் போனாலும் "இரும்பு, இரும்பு" என்று மேலேயிருந்து கத்துவார். பின்னேரங்களில் பேரின்பத்தின் நேர்த்திக்காகச் செபமாலை சொல்லுவார்.

"ஊசி ஒரு நிமிச வேலை மச்சான்" என்றான் றோபேட்.

"பேசாமல் போடா. குளிர் முடிஞ்சால் ஊசியும் முடிஞ்சுது. விசா வர எப்பிடியும் ஒரு வருசம் செல்லும்."

விசா தை மாதமே வந்துவிட்டது.

சிஞ்ஞோராவுக்குக் கைகால் ஓடவில்லை. மனைவி வந்திறங்குகிற அன்றே நேர்த்தி நிறைவு, கேக், எல்லோருக்கும் முன்னால் ஊசி. பேரின்பம் ரெலிபோன் அட்டையோடு ஓடினார்.

"சிவமலர், பங்குனி கழிய வாருமன். இப்ப இஞ்சை சரியான குளிர்."

"என்னப்பா கதைக்கிறியள்? விசா கையிலை இருக்கு. அங்கை வேறை ஆரும் இருக்கினமோ?"

"சீச்சீ. ஒரு நேத்தி."

"எந்தக் கோயிலுக்கு?"

ஊசிக் கதை முழுவதையும் சொல்லவேண்டியதாயிற்று. "அப்ப ஊசியோ நானோ?" என்றாள்.

"அது வந்து..."

"யோசிக்கிறியள், என்ன? ஊசியைப் போட்டிட்டு எடுங்கோ. அதுவரைக்கும் நான் பிளேன் ஏறமாட்டன்."

மறுநாள் காலை பேரின்பம் தானாகவே போய் ஊசி கேட்டார். சிஞ்ஞோரா பதறிப்போனார். "முடியவே முடியாது. நேர்த்தியை இடையில் முறித்தால் வருகிற விமானத்துக்கு என்ன ஆகும்? அவள் வந்து இறங்கட்டும்."

பாருங்கள் சங்கடத்தை. ஊசி ஏறாமல் மனைவி விமானம் ஏறமாட்டாள். மனைவி இறங்காமல் சிஞ்ஞோரா ஊசியை எடுக்கமாட்டார். நடுவில் தாடியோடு பேரின்பம். இனி எந்தச் சாமியின் பெயரைச் சொன்னாலும் முடிச்சு இறுகத்தான் செய்யும். மிச்சமிருந்தது உண்மை ஒன்றுதான். அதைப் பாவித்து அவருக்குப் பழக்கம் இல்லை.

"நேர்த்தி ஒன்றும் இல்லை" என்றார். "எனக்கு ஊசிக்குப் பயம்."

சிஞ்ஞோரா சொன்னார்: "இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் படுக்கவைத்துப் போட்டிருக்கலாமே."

படுக்கவைத்தார்கள். றோபேட் கையைப் பிடித்துக்கொண்டான். பேரின்பம் கண்ணை இறுக மூடிக்கொண்டு பிள்ளையாரில் தொடங்கி, முருகன், அம்மாளாச்சி, மடுமாதா, அந்தோனியார் எல்லோரையும் கூப்பிட்டு முடித்து, "சரி, இப்பக் குத்தச் சொல்லு" என்றார்.

"நேர்ஸ் ஊசியைப் போட்டிட்டு அப்பவே போயிட்டா" என்றான் றோபேட்.

பிறகு அகாத்தாவிடம் மன்னிப்புக் கேட்கப் படியேறிப் போனார். கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பியபடியே சொன்னார்: "பொய் உன்னுடையது. செபம் என்னுடையது. அது வீண்போகாது. உன் மனைவி வருவாள்."

சிவமலர் வந்தாள். விமான நிலையத்தில் எல்லோருக்கும் முன்னால் அவள் சொன்ன முதல் வார்த்தை: "எங்கை, கையைக் காட்டுங்கோ."

அன்றையிலிருந்து பேரின்பத்தின் நாட்காட்டி வெறுமை; வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு மூட்டையும் அதனால்தான். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அகாத்தாவைப் பார்க்க யாரும் வருவதில்லை. பிள்ளைகள் எல்லோரும் வடக்கே மிலானோவில். நீங்கள் ஒருக்கால் போய் அரைமணி நேரம் பக்கத்தில் இருந்துவிட்டு வாருங்கள், மனுஷிக்குக் கதைக்க ஆள் கிடைத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போகலாம். பூசையா? சரி, செவ்வாய்? விரதமா?

எந்தச் சாமிக்கு?