பதினெட்டுப் பல் போதும்

"இதுவா... இல்ல, அதுவா?"

கூடத்தின் நடுவில் சைக்கிள் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு கையில் பதினாறு பல் சக்கரத்தையும் இன்னொரு கையில் இருபது பல் சக்கரத்தையும் தூக்கிப் பிடித்தபடி மனைவியின் முகத்தையே பார்த்தார்.

அவள் தீயணைப்பு நிலையத்தில் வேலை முடிந்து அப்போதுதான் வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் சக்கரமாத்தாங்க தெரியுது."

"அவசரப்படாதே. எதுல தெளிவா இருக்கு?"

"தெளிவாவா?"

"ச்சே, கடை ஞாபகம். எது மிதிக்கச் சௌகரியமா இருக்கும்னு கேட்டேன்."

இருபது வருடங்களாக ஊரார் மூக்கின் மேல் சில்லு சில்லாக மாற்றி வைத்து "இதுவா, அதுவா?" என்று கேட்டே பிழைக்கிறவர். ஒரு கண்ணுக்கு முக்கால் மணி நேரம் எடுப்பார். ஆனால், அவர் போட்டுக் கொடுத்த கண்ணாடி சரியில்லை என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. தெருவில் அவருக்குப் பெயரே 'இதுவா அதுவா'தான். அவருக்கு அதில் வருத்தமும் கிடையாது.

விஷயம் இதுதான். வருடத்துக்கொரு முறை மலைச் சைக்கிள் பந்தயம் நடக்கும். ஏற்றத்தில் ஏறி, உச்சியிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, மறுபக்கம் இறங்கி மைதானத்துக்கு வரவேண்டும். மூன்று வருடமாக அந்த ஏற்றத்தில்தான் மனைவி மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தாள். சேறு புகுந்து கியர் சிக்கிக்கொள்ளும். அவள் இறங்கி நோண்டுவதற்குள் எல்லோரும் போய்விடுவார்கள்.

"இந்தத் தடவையும் கவுத்துச்சுன்னா விட்டுடறேங்க. நாப்பது வயசாச்சு, போதும்" என்று சுவரைப் பார்த்தபடி சொன்னாள். அவள் எதையும் 'போதும்' என்று சொல்லி அவர் கேட்டதே இல்லை.

"கியர் இருந்தாத்தானே சிக்கும்? கியரே வேண்டாம். முன்னாடி ஒரு பல்சக்கரம், பின்னாடி ஒண்ணு, நடுவுல செயின். ரொம்பச் சுலபம்" என்றார்.

அந்தச் சுலபம் ஆறு நாள் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

பதினாறு பல்லை மாட்டினார். தெருக்கோடி மேட்டில் ஏறிவிட்டு வந்தாள். "கால்ல கல்லைக் கட்டின மாதிரி இருக்குங்க."

இருபதை மாட்டினார். "காலு பாட்டுக்குச் சுத்துது, வண்டி நகரவே மாட்டேங்குது."

ஆக, பதினெட்டு. அதை மாட்டினால் செயின் தொளதொளவென்று தொங்கியது. ஒரு கண்ணியைக் கழற்றினார். இப்போது பெடல் அசைய மறுத்தது. கண்ணியைத் திரும்பச் சேர்த்தார். செயினைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்கும் குட்டிக் கை ஒன்றை வாங்கி வந்து பூட்டினார். தொங்கல் நின்றது, கர் கர் என்று சத்தம் பிடித்துக்கொண்டது.

முன்னாலுள்ள பல்சக்கரமும் பின்னாலுள்ள பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இல்லாததால் வந்த சத்தம் அது. பின்பல்சக்கரத்தை நகர்த்த இடைவளையங்கள் வாங்கினார். மெல்லிசு வைத்தால் செயின் உள்பக்கம் விழுந்தது, தடித்தது வைத்தால் வெளிப்பக்கம் விழுந்தது. கடையில் லென்ஸின் தடிமன் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து அளந்தார். அரை மில்லிமீட்டர் குறைந்தது. அந்த அளவில் வளையம் எங்குமே இல்லை. மனுஷன் அசரவில்லை. யாரும் வாங்காத ஒரு கண்ணாடிச் சட்டத்தின் காதுப் பகுதியை அறுத்து, துளையிட்டு, ராவி, தானே ஒரு வளையம் செய்துவிட்டார். மலைச் சைக்கிளுக்குள் மூக்குக்கண்ணாடியைப் புகுத்திய முதல் ஆள் அநேகமாக அவராகத்தான் இருப்பார்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் செயினைப் பிரித்துக் கோக்க வேண்டியிருந்தது. கண்ணிகளைக் கோத்திருக்கும் ஆணியை வெளியே தள்ளுவார், வேலை முடிந்ததும் உள்ளே தள்ளுவார். சுத்தக்காரர் என்பதால் எப்போதும் ஒரே ஆணிதான். பல இடத்தில் கை வைத்துச் செயினைக் கெடுக்கக் கூடாதாம்.

மச்சினி வந்து எட்டிப் பார்த்தாள். "மாமா, அந்தச் செயினுக்கு இது எத்தனாவது ஆபரேஷன்?"

"இருபத்திரண்டு. நீ அந்தப் பக்கம் போ, வெளிச்சத்தை மறைக்காதே."

"அக்கா, இந்த வண்டியை நம்பியா போற?"

"அவரை நம்பிப் போறேன்டி" என்றாள் மனைவி. பகல் முழுக்கக் குழாய் சுமந்துவிட்டு வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் அதே மேட்டில் ஏறி இறங்கி, அவர் கேட்ட அத்தனை 'இதுவா அதுவா'வுக்கும் யோசித்துப் பதில் சொன்னவள் அவள். அந்தப் பொறுமைக்கே தனியாக ஒரு கோப்பை கொடுக்கலாம்.

ஆறாம் நாள் சத்தம் நின்றது. பெடல் வழுக்கிக்கொண்டு சுழன்றது. அவர் தரையில் உட்கார்ந்து கால்மணி நேரம் அதையே சுழற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பந்தயத்தன்று மழை. சைக்கிள்கள் ஏற்றத்தை நோக்கிப் போய் வளைவில் மறைந்தன. மைதானத்தில் காத்திருந்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏற்றத்தில் பாதிப்பேர் கியர் சிக்கி நிற்கிறார்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. அவர் கண்ணாடியைத் துடைத்தார். இருபத்தேழாம் எண் உச்சியை முதலில் தொட்டுவிட்டது என்றது. அது அவள் எண். அவர் மறுபடியும் துடைத்தார்.

மறுபக்கச் சரிவில் அவள் வந்தாள். பெடல்மேல் எழுந்து நின்றபடி, ஆடாமல் அசையாமல், காற்று மாதிரி.

"பாத்தீங்களா! மிதிக்கவே இல்ல, தானா உருளுது! உரசலே கிடையாது!" என்று பக்கத்திலிருந்தவரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

கோட்டைத் தாண்டினாள். முதலிடம். வண்டியை அதன் வலப்பக்கம் சுவரோடு ஒட்டும்படி சாய்த்துவிட்டு, சேற்றோடு வந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

"பதினெட்டுதானே?" என்றார்.

"பதினெட்டேதாங்க. வேற எதைப் போட்டிருந்தாலும் நடந்திருக்காது."

"மாமா, நான் பேசினதெல்லாம் வாபஸ்" என்றாள் மச்சினி.

தோற்றவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். என்ன சக்கரம், என்ன வளையம், எப்படிக் கோத்தார் என்று துளைத்தெடுத்தார்கள். அவர் அரை மில்லிமீட்டர்வரை விளக்கினார். அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் மனைவி "ஆமா, ஆமா" என்று தலையாட்டினாள். அவர் முகத்தை விட்டு அவள் பார்வை நகரவே இல்லை. மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அப்போது, மலையடிவாரத்தில் தண்ணீர் கொடுக்க நின்றிருந்த பெண் மழைக்கோட்டோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள்.

"மேடம், உங்க செயின்! ஏத்தம் ஆரம்பிக்கிற எடத்துலயே அறுந்து விழுந்துடுச்சு, நான் கூப்பிடக் கூப்பிட வண்டியைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு உச்சி வரைக்கும் ஓடியே போயிட்டீங்களே!"