இறைவணக்கத்துக்கு வந்த பூனைகள்

எனக்குப் பாட வராது. எழுபதுகளின் நடுவில் மடுகரையில் இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியாது.

அங்கே டீச்சர் வேலை கிடைத்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. வில்லியனூரில் மளிகைக்கடை வைத்திருந்த அப்பா பரம சைவம். (பரீட்சையில் முட்டை வாங்கினேன் என்றால், மதிப்பெண்ணைவிட அந்தச் சொல்லுக்குத்தான் முகம் சுளிப்பார்.) தங்குகிற வீடு சுத்த சைவமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டு வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஃபிலோமினா அக்காவோடு தங்கினேன். எனக்காக வீட்டில் மீன் சமைப்பதையே நிறுத்திய நல்ல மனுஷி. ஆனால் அவருக்கு டிஞ்சர், மிக்சர், பஞ்சு என்று மூன்று பூனைகள். சைவத்தைப் பற்றி அவற்றிடம் யாரும் சொல்லவில்லை. விடிந்தால் கத்தும், பொழுது சாய்ந்தால் கத்தும். கத்திக் களைத்ததும் மடியில் வந்து சுருண்டு கொள்ளும். திட்ட மனசு வராது.

பள்ளி ஆண்டுவிழாவில் இறைவணக்கம் பாட நானாகவே போய்ப் பெயர் கொடுத்தேன். சாயங்காலம் பயிற்சியை ஆரம்பித்தால் மூன்றும் என்னைவிட மேல் ஸ்தாயியில் சேர்ந்துகொண்டன. அக்கா டூட்டி முடிந்து வர ஏழு மணியாகும். அதனால் முதல் வரி முடிந்ததும், அக்கா பூனைகளுக்கென்று டப்பாவில் வைத்திருந்த நெத்திலிக் கருவாட்டை, மூக்கைப் பிடித்துக்கொண்டு, இரண்டு குச்சியால் எடுத்துப் போட்டேன். உடனே அமைதி. தினமும் அப்படியே செய்தேன்.

இரண்டே வாரத்தில், நான் வாயைத் திறந்ததும் மூன்றும் வரிசையாக வந்து உட்கார்ந்தன. என் பாட்டில் மயங்கிவிட்டன என்று அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டேன். அக்கம்பக்கத்துப் பூனைகளும் வந்தபோது ரசிகர்கள் பெருகுவதாகவே நினைத்தேன்.

விழாவன்று அப்பா வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் கொம்யூன் பஞ்சாயத்துத் தலைவர். (பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் பெரியவர்கள் அப்போதும் 'மேர்' என்றுதான் சொல்வார்கள்.) பள்ளிக்குப் பின்தெருவில்தான் எங்கள் வீடு. ஒலிபெருக்கிக் குழாயை அந்தப் பக்கமாகத் திருப்பி வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள்.

கண்ணை மூடி முதல் வரியைப் பாடி முடித்தேன். கூட்டத்தில் சலசலப்பு. கண்ணைத் திறந்தால் மதில்மேல் டிஞ்சர். பின்னால் மிக்சர், பஞ்சு, அப்புறம் பேர் தெரியாத நான்கு. நேராக மேடையேறி என்னைச் சூழ்ந்துகொண்டு ஏழும் முறையிட்டன. பயத்தில் அதே வரியை மறுபடி பாடித் தொலைத்தேன். மிக்சர் புடவையைப் பிடித்து இடுப்புவரை ஏறிவிட்டது.

தலைமையாசிரியர் ஓடிவந்தார். "இன்னா டீச்சர், இதுங்களுக்கு இன்னா வேணும்?"

மைக்கை மறந்து உண்மையைச் சொன்னேன். "கருவாடு சார். தெனம் நான்தான் போடுவேன்."

குழாய் அதை மடுகரை முழுக்க அறிவித்தது. மேர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா மட்டும் சிரிக்காமல் எழுந்து வெளியே போனார்.

வேலை போயிற்று என்றே முடிவு கட்டினேன். அப்பா முன்னால் நடக்க, பின்னால் நான், எனக்குப் பின்னால் ஏழு பூனைகள். வீட்டுக்கு வந்ததும் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். தப்பெல்லாம் தன்னுடையது, பெண்ணை அழைத்துப் போக வேண்டாம் என்று அக்கா கெஞ்சிப் பார்த்தார். அப்பாவுக்குப் பதில் பூனைகள்தான் பேசின. பஞ்சு அவர் மடியில் ஏறி, முகத்தை நிமிர்ந்து பார்த்து, கல்லும் கரையும்படி ஒரு குரல் கொடுத்தது.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்த எங்க வச்சிருக்கே? பாவம், பசியில கத்துதுங்க. மொதல்ல போடும்மா" என்று சொல்லிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அழைத்துப் போகிற பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை. மாதம் ஒருமுறை என்னைப் பார்க்க வருவார். (பஞ்சுவைப் பார்க்க என்பது அக்காவின் கட்சி.) மடக்கிய குடைக்குள் ஐந்து சுற்றுக் காகிதத்தில் ஒரு பொட்டலம் இருக்கும். எங்கே வாங்கினார் என்று நாங்களும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யார் பாடினாலும், "யாருக்குப்பா பசிக்குது?" என்று ஒரு குரல் வந்துவிடும். இது தெரியாத புது மருமகன் முதல்முறை விருந்துக்கு வந்தபோது, எங்களை மகிழ்விக்க ஆசையாக ஒரு பாட்டெடுத்தார். அவர் இரண்டாவது வரிக்குப் போவதற்குள் என் தம்பி அவர் முன்னால் இலையைப் போட்டுவிட்டான்.