தலைக்கு மேல் மாட்டிய மஞ்சள் அட்டை

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். எழுத்து போன கடிதத்தைவிடக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. ஒவ்வொரு எழுத்தையும் இழுத்துப் பிடித்து உட்காரவைக்க வேண்டியிருக்கிறது.

பிரஷர் ஏறிவிட்டதென்று மகன் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தான். படுத்ததும் தலைக்கு மேல் ஒரு மஞ்சள் அட்டையை மாட்டினார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். முதியோர் கல்வி வகுப்புக்கு வெளியே, துணையில்லாமல் நானே படிக்கப்போகும் முதல் அட்டை. எழுத்துக் கூட்டினேன். "விழும் அபாயம் உள்ளவர்." யார்? நான். ஆயுள் முழுக்கச் சாரத்தில் நின்று பெயின்ட் அடித்தவன். அந்த ஆஸ்பத்திரியின் ஐந்தாம் மாடி வெளிச்சுவரே என் கைவேலைதான். அதே சுவருக்கு உள்ளே, பாத்ரூம் போக நான் மணியடித்து நர்ஸைக் கூப்பிட வேண்டுமாம், அந்தப் பெண் வந்து கையைப் பிடித்து நடத்துவாளாம்.

"ஏம்மா, நான் விழுந்து நீ எப்ப பாத்த?" என்றேன்.

"விழுந்தவங்களுக்கு மாட்டறது இல்ல தாத்தா, விழாம இருக்க மாட்டறது. பிரஷர் மாத்திரை போட்டுட்டு சட்டுனு எழுந்தா கண்ணு இருட்டும். ஆள் வராம எழுந்திருக்கக் கூடாதுன்னு அர்த்தம்."

"அப்ப அதை எழுதறது. என் பேரை ஏன் கெடுக்கறீங்க?"

"கட்டில் கம்பியத் தாண்டாதீங்க தாத்தா, காலை உள்ள வைங்க."

அதோட விட்டுதா? மகன் வந்து அட்டையைப் படிச்சான். "அப்பா, இனி மாடி ரூம் வேணாம். கீழ சமையல்கட்டுப் பக்கம் கட்டில் போட்டுடறேன்"ங்கறான். மாடி ஜன்னல்ல தெருவே தெரியும். கடை போர்டெல்லாம் இப்பத்தான் ஒண்ணொண்ணா படிச்சுட்டு வரேன், பாதித் தெரு பாக்கி. கீழ என்ன இருக்கு படிக்க? மிக்ஸியா?

நீ அவனுக்கு அத்தை. போன் போட்டு, "என் அண்ணன் விழற ஆளு இல்லடா"ன்னு நறுக்குன்னு நாலு வார்த்தை சொல்லு.

வீட்டில் பெரியவர் முதல் தொட்டில் வரை எல்லோருக்கும் என் ஆசி.

உன் அண்ணன்

பின்குறிப்பு: நீ போன் போட்டால் மகன் முதலில் இதைத்தான் சொல்லுவான், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்த அட்டையைக் கழற்ற ஸ்டூலில் ஏறினேன். அட்டை அங்கேயே இருக்கிறது. வலது கை மாவுக்கட்டில் இருக்கிறது. இது இடது கை எழுத்து. நீ எதற்கும் போன் போடு. கட்டில் கீழேயே இருக்கட்டும், ஜன்னல் பக்கமாகப் போடச் சொல். அங்கிருந்து எந்த போர்டு தெரிகிறதென்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.