குட்டை மட்டை

கணக்கரின் பந்து மறுபடியும் தோப்புக்குள் போயிற்று. அடிக்கும்போது நேராகத்தான் கிளம்பும். பாதி தூரம் போனதும் அதற்கு என்ன நினைப்பு வருமோ, வலப்பக்கம் திரும்பி மரங்களுக்குள் நுழைந்துவிடும். முதலாளி அடித்த பந்தும் கொஞ்சம் முன்னால் அதே தோப்புக்குள்தான் போயிருந்தது. கணக்கர் செடிகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனபோது, முதலாளி ஒரு மரத்தடியில் சட்டைப்பைக்குள் கையை விட்டபடி நின்று முறைத்தார்.

"உன் பந்துக்கு வேற வழியே தெரியாதாய்யா? வாராவாரம் என் பின்னாடியே வருது."

கணக்கர் குனிந்து பந்தைத் தேடினார். பாவம், மனிதர் ஆசைப்பட்டா கோல்ஃப் ஆட வந்தார்? ஆபீசில் மேனேஜர் நாற்காலி காலியாகப்போகிறது. அது கிடைத்தால் இதே ஊரில் இருக்கலாம். கிடைக்காவிட்டால், ரயில் மாறி ரயில் ஏறிப் போகவேண்டிய புதுக் கிடங்குக்கு மாற்றல். மனைவிக்கு இங்கே பள்ளிக்கூட வேலை. மகளுக்கு இங்கே படிப்பு. கணக்கர் மட்டும் அங்கே தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்ன வேண்டும்.

போட்டிக்கு இருப்பவர் ஸ்டோர் கீப்பர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை முதலாளியோடு ஆட யாரைக் கூப்பிடுகிறார்களோ அவருக்கே நாற்காலி என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. கம்பெனி விளையாட்டு விழாவில் முதன்முதலாக மட்டையைத் தொட்ட கணக்கர், அடித்த பந்தையெல்லாம் தோப்புக்கு அனுப்பி ஊர் சிரிக்க நின்றார். மறுநாளே முதலாளியம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. ஏன் என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கம்பெனி முதலாளியம்மாவின் அப்பா ஆரம்பித்தது. முதலாளிக்குப் பெயர்தான் முதலாளி. நாற்காலி கொடுப்பதும் எடுப்பதும் அம்மாவின் கையில். போன வருடம் நெஞ்சில் ஆபரேஷன் ஆன முதலாளியை டாக்டர் நடக்கச் சொன்னதால்தான் இந்தக் கோல்ஃபே வந்தது. அவர் நடந்து முடிக்கும்வரை அம்மா கிளப் வராந்தாவில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார். திரும்பி வரும் கணக்கரிடம் தவறாமல் ஒரே கேள்வி.

"ஐயா கூடவே இருந்தீங்களா?"

"இருந்தேம்மா. என் பந்து ஐயாவை விட்டு எங்க போகுது?"

அம்மா சிரித்துக்கொண்டே பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்துவார். கேலி செய்கிறார் என்று கணக்கருக்கு மானமே போகும்.

பயிற்சியாளர் ஒருவரைப் பிடித்தார். தோளை இப்படித் திருப்பு, மணிக்கட்டை அப்படி வை என்று அவர் சொன்னபடியெல்லாம் செய்ததில், பந்து முன்னைவிட வேகமாகத் தோப்புக்குப் போனது. சரி, வலப்பக்கம் போகிற சனியனை இடப்பக்கம் பார்த்தே அடிப்போம் என்று கார்கள் நிற்கும் திசையைப் பார்த்து ஓங்கினார். பந்து கார்களை நோக்கிக் கிளம்பி, மனம் மாறி, மைதானத்தையே குறுக்கே கடந்து, முதலாளியின் காதோரம் மரத்தில் மோதிக் கீழே விழுந்தது.

முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு யோசனை சொன்னார். குட்டை டிரைவர் என்று ஒன்று வந்திருக்கிறதாம். டிரைவர் என்றால் முதல் அடிக்கான மட்டை. குட்டையானதற்குத் தலையும் சின்னது, காம்பும் நீளம் குறைவு. பந்து அவ்வளவு தூரம் போகாது, ஆனால் பார்த்த இடத்துக்குப் போகும்.

"அப்ப நீங்களும் அதையே வாங்கலாமே ஐயா?"

"எனக்கு இதுவே பழகிடுச்சுய்யா. நீ வாங்கு. முதல்ல நீ வாங்கு."

துணி துவைக்கிற மெஷினுக்கு வைத்திருந்த பணம் மட்டைக்குப் போயிற்று. மனைவி அதைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"பாதி மட்டைக்கு முழுக் காசா வாங்கினான்?"

துணிகளைக் கணக்கரே மொட்டை மாடியில் துவைத்துப் பிழிந்தார். பிழிந்த கையோடு அங்கேயே மட்டையை வீசிப் பழகினார்.

பந்து நேராகப் போயிற்று. கணக்கர் முதன்முறையாகப் புல்வெளியின் நடுவில் நின்றார். கண்ணில் நீரே வந்துவிட்டது. தூரம்தான் போதவில்லை, மற்றவர்கள் ஓர் அடியில் போன இடத்துக்கு அவர் இரண்டு அடி அடித்து, மூச்சு வாங்கத் தனியாக நடந்தார். தோப்பிலிருந்து புதினா மிட்டாயைச் சப்பிக்கொண்டு வந்த முதலாளியின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"இதான்யா ஆட்டம். இனிமே காட்டுப்பக்கமே வராத" என்று முதுகில் தட்டினார்.

அன்று வராந்தாவில் அதே கேள்வி வந்தபோது கணக்கர் நெஞ்சை நிமிர்த்தினார். "இல்லம்மா. ஐயா தோப்புல இருந்தார், நான் நட்டநடுவுல இருந்தேன்."

அம்மாவின் ஊசிகள் நின்றன. பிஸ்கட் தட்டு நகரவில்லை. அடுத்த வாரமே ஆட்டத்தில் ஸ்டோர் கீப்பரும் சேர்க்கப்பட்டார். அந்த ஆள் அடித்த பந்து அத்தனையும் தோப்புக்குள் போனது. கணக்கருக்கு உள்ளூர சந்தோஷம்தான். ஆனால் அவரைப் பார்க்கும்போது அம்மாவின் முகம் மட்டும் தெளியவில்லை. பந்து இன்னும் நேராகப் போகவேண்டுமோ என்று பயந்து, கணக்கர் இன்னும் வெறியாகப் பழகினார். கடைசி ஞாயிறன்று அவர் பந்து புல்லை விட்டு ஓரங்குலம்கூட விலகவில்லை. அன்றைக்குத்தான், தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மேனேஜர் நாற்காலி ஸ்டோர் கீப்பருக்கு என்று அம்மா அறிவித்தார். புதுக் கிடங்குக்குக் கணக்கர்.

கணக்கருக்கு வீட்டு ஞாபகம் வந்தது. வீட்டில் போய் என்ன சொல்வது? மெஷினும் போச்சு, நாற்காலியும் போச்சு, ஊரும் போச்சு. குட்டை மட்டையை ஊன்றிக்கொண்டு, அது எட்டாததால் குனிந்தபடியே, அம்மாவின் எதிரில் வந்து நின்றார். முதலாளி வாயில் ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்? ஒரு பந்துகூடக் காட்டுக்குப் போகலையே."

அம்மா ஸ்வெட்டரை மடித்து வைத்தார்.

"அதாங்க தப்பு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தப்புறமும் இவர் வேணும்னே தோப்புக்குள்ள அடிச்சு, அங்க போய் ஒளிஞ்சு சிகரெட் பிடிக்கிறார்னுதானே, எப்படி அடிச்சாலும் அங்கேயே போய் நிக்கிற ஆளாப் பாத்து உங்களைக் கூப்பிட்டேன்."