பதினோராவது ஆளும் நடுநிலையும்

நீதி இன்னும் செத்துவிடவில்லை என்பதற்கு அந்தக் காப்பீட்டு அலுவலகத்தின் பணியாளர் பிரிவு சூப்பிரண்டே சாட்சி. காலில் விழுந்தவரும் காரில் வந்தவரும் அவருக்கு ஒன்றுதான். கிளைகளுக்கிடையிலான கிரிக்கெட் போட்டிக்கு அவரைத் ‘தேர்வுக் குழுத் தலைவர்’ ஆக்கியது இயற்கையே.

பத்துப் பேரைப் பிடிப்பதில் சிரமமில்லை. அங்கே மூச்சு வாங்காமல் ஓடக்கூடியவர்களே அவ்வளவுதான். பதினோராவது இடத்தில்தான் சிக்கல். டெலிபோன் ஆபரேட்டர் கல்லூரிக் காலத்திலிருந்தே வேகப்பந்து வீசுகிறவர். பயிற்சியில் தினமும் யாருடைய ஸ்டம்பாவது பறந்தது. எதிரே போட்டிக்கு நின்றவர் மேனேஜர், மட்டையாளர். அவரைப் பயிற்சியில் யாரும் அவுட்டாக்கியதில்லை. அவர் மட்டையோடு நிற்கும்போது ஆபரேட்டரிடம் யாரும் பந்தைக் கொடுத்ததுமில்லை.

ஆபரேட்டர், சூப்பிரண்டின் மனைவி.

குழுவின் மற்றோர் உறுப்பினரான கேஷியர், அணியில் மட்டை பிடிக்க ஆள் இருக்கிறது, பந்து வீசத்தான் இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். சூப்பிரண்டு ஆழ்ந்து யோசித்தார். பந்து வீசுகிறவர் ஓடி ஓடி வியர்க்கிறார். மட்டையாளரோ நின்ற இடத்தில் நின்று, வருவதையெல்லாம் தடுக்கிறார். இதில் எது ‘நிர்வாகத் திறன்’ என்று கேட்டார். கேஷியர் மேனேஜர் அறைக் கதவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

வீட்டில் மனைவி வெள்ளைக் கால்சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“என்னை எடுக்காதது நான் உங்க பொண்டாட்டிங்கிறதாலயா, அவர் மேனேஜருங்கிறதாலயா?”

“உன்னை எடுத்தா நாலு பேர் பேசுவாங்க.”

“அவரை எடுத்தா பேசமாட்டாங்களா?”

“பேசுவாங்க. என் காதுபட பேசமாட்டாங்க.”

அன்றிரவு சூப்பிரண்டு தானே சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார். தியாகம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று தேற்றிக்கொண்டார்.

போட்டியன்று எதிரணியில் ஓர் ஆள் வரவில்லை. நிறுவனத்தில் வேலை பார்க்கும் யாரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது விதி. வேடிக்கை பார்க்க வந்திருந்த ஆபரேட்டரை எதிரணித் தலைவர் கேட்டார், அவரும் போனார். மேனேஜர் சந்தித்த முதல் பந்திலேயே நடு ஸ்டம்பு விழுந்தது. கூடாரத்தில் சூப்பிரண்டின் கைகள் தட்டுவதற்காகத் தாமாக எழுந்தன. மேனேஜர் இந்தப் பக்கம் திரும்பியதும் அவை தலையைச் சொறிந்தன. அணி சுருண்டது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். இடமாற்றம்தான் என்று நினைத்தபடி சூப்பிரண்டு போனார். மேனேஜர் நாற்காலியைக் காட்டினார்.

“அவங்க இவ்வளவு நல்லா போடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சுமா விட்டீங்க?”

“நடுநிலை சார்.”

மேனேஜர் எழுந்து கைகுலுக்கினார். இப்படிப்பட்டவரைத்தான் இத்தனை நாள் தேடியதாகச் சொல்லி, அப்போதே அவரை ஆட்குறைப்புக் குழுவின் தலைவராக்கினார். எந்தப் பிரிவிலிருந்து ஆரம்பிப்பது என்று சூப்பிரண்டு பணிவோடு கேட்டார்.

“டெலிபோன்ல ஒரு ஆள் அதிகம்” என்றார் மேனேஜர்.

வேலைநீக்க உத்தரவைச் சூப்பிரண்டே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கும்போதுகூட மனைவியை ‘மேடம்’ என்றுதான் அழைத்தார். அவ்வளவு நடுநிலை.