நீச்சல் குளத்தில் விழுந்த உன் நாலு வரி

நீலசந்திரா, பெங்களூரு
செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய சங்கமித்ரா அக்கா அவர்களுக்கு,

தங்கள் சித்தி மகன் விக்கி பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். ஓசூரில் தாங்களும் மாமாவும் பிள்ளைகளும் நலமாகவே இருப்பீர்கள், இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்வரைக்குமாவது. பயத்தில் 'தாங்கள்' என்று வந்துவிட்டது, இனி வழக்கம்போல 'நீ'. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ படித்துவிட்டதாக நீலக் குறி காட்டும், அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் கடிதம்.

சனிக்கிழமைகளில் எலெக்ட்ரானிக் சிட்டி அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நான் ஹிப்-ஹாப் வகுப்பு எடுப்பது உனக்குத் தெரியும். நீலசந்திரா மைதானத்து மூலையில் நாம் வட்டமாக நின்று, அந்த வாரம் நம் தெருவில் நடந்ததை மட்டும் ராப்பாகச் சொல்வோமே, அதற்கு அங்கே 'மூன்றாவது பாடம்' என்று பெயர். ஒரு அம்மா வந்து, "பரதநாட்டியம் மாதிரி இதுக்கும் அரங்கேற்றம் உண்டா சார்?" என்று கேட்டார். உண்டு என்று சொல்லிவிட்டேன். கோபம் வந்த விஷயத்தை எழுதி வரச் சொன்னால், பன்னிரண்டு பிள்ளைகளும் லிஃப்ட் தாமதமாக வருவதையே எழுதி வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பொய் எழுதவில்லையே.

அங்கேதான் வீணா மேடம் என்னைப் பிடித்தார். புதிய குடியிருப்பு ஒன்றுக்கு விளம்பரம் எடுக்கிறவர், அதில் ராப் பாடக் கூப்பிட்டார். படப்பிடிப்புக்குப் போய்ப் பார்த்தால், நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் அட்டையில் நம் நீலசந்திரா சந்தையே கட்டி வைத்திருக்கிறார்கள். வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள், எல்லாம் கடையிலிருந்து அப்போதுதான் வந்தவை. எனக்கு வாய் சும்மா இருக்குமா? குடம் மாறிப்போகாமலிருக்கப் பெயரெழுத்து போட்டிருப்போம் என்றேன். உடனே ஒரு ஆள் பெயின்ட்டோடு வந்து, என்ன எழுத்து என்று கேட்டான். உன் பெயரெழுத்தைச் சொன்னேன் அக்கா. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய என் பாட்டைப் பாடினேன். "நல்லாத்தான் இருக்கு சார், ஆனா அந்த வலி, அந்த பெயின் இல்லையே," என்றார் மேடம். நாற்பது பேர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்போது என் வாயில் வந்தது உன் நாலு வரி.

பதினோரு நாளா பைப்புல காத்து,
பாதி நாள் போச்சு லாரியப் பாத்து,
குளிக்காத எங்கள நாறுதுன்னு சொல்றியே,
குழாயத் தொறந்துட்டு மூக்கப் பொத்து.

கல்லூரியில் உன் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள் எழுந்து போய் வேறிடம் உட்கார்ந்த அன்று வட்டத்துக்கு வந்து நீ சொன்னது. அன்று யாரும் கைதட்டவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஸ்பீக்கர் தூக்கி வரும் க்ளென், தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டான். இங்கே நாற்பது பேரும் கைதட்டினார்கள். பயத்தில்தான் பாடினேன் என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். பயமில்லை, ஆசைதான்.

முதல் இரண்டு வரியை வைத்துக்கொண்டார்கள். மற்ற இரண்டும் இப்போது, 'இனிமே கவலை எதுக்கு மச்சி, நீச்சல் குளத்துல தெனமும் கூத்து.' அதையும் நான்தான் பாடினேன், குளத்தில் குதித்துக்கொண்டே. ஏழு முறை குதித்தேன், காதில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. விளம்பரம் வெள்ளிக்கிழமை வருகிறது.

க்ளெனிடம் சொன்னேன். "ஏன்டா, அவ வாசல்ல போய் நின்னு கேட்டியா?" என்றான். ஓசூர் தூரம் என்று இழுத்தேன். "நிக்கலல்ல. அப்ப என்கிட்டயும் பேசாத," என்று போனை வைத்துவிட்டான்.

வட்டத்தின் சட்டத்தை மறந்தவனில்லை நான். அடுத்தவர் வரியை வாசலில் போய்க் கேட்காமல் பாடியவன், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நடுவில் நிற்க வேண்டும். மற்றவர்கள் ஒரு சுற்று ராப்பிலேயே அவனைக் கிழிப்பார்கள், அவன் பதில் பேசக் கூடாது. அக்கா, ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வா. என்னைக் கிழி. பெஞ்சில் தனியாக உட்கார்ந்த உன் கோபத்தை எடுத்து நான் வீடு விற்றுவிட்டேன், இதற்கு மன்னிப்பு என்கிற ஒற்றைச் சொல் போதாது என்று எனக்கே தெரிகிறது. கேமரா, மைக், கைதட்டல் எதுவும் இருக்காது. நம் ஆட்கள் மட்டும்.

மாமாவுக்கு வணக்கம் சொல். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், என்னைப்போல் குதிக்காமல் இருக்கட்டும்.

தலைகுனிந்து,
விக்கி

பி.கு.: சட்டையைத் திருப்பிப் போடும் விஷயத்தை வீணா மேடத்திடம் சொல்லியிருக்கக் கூடாது. மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். கண் கலங்கிவிட்டார். "இதான் சார் பெயின்," என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு கேமராவோடு வருகிறாராம். கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உள்பக்கமும் கம்பெனி பெயர் அச்சடித்து ஒரு சட்டை கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். போட்டுப் பார்த்தேன், அளவு சரியாக இருக்கிறது.